நாய் மேல கோபம் இல்ல, ஓனர் மேலதான் | சத்துவாச்சாரி காலை வாக்கிங்

வணக்கம் மக்களே. மணி அஞ்சே முக்கால். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் நம்ம ஆள். இதோ, கீழே பாருங்கள், ப்ரௌனி. பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே கிடைத்த குட்டி. என்ன ஜாதி என்று கேட்காதீர்கள், அவனுக்கே தெரியாது.

இவ்வளவு சீக்கிரம் ஏன் கிளம்பினேன் என்றால், கத்திரி நடக்கிறது. வேலூரில் மே மாதம் நாயோடு நடக்க விடிகாலையை விட்டால் இருட்டிய பிறகுதான். சந்தேகம் இருந்தால் பதினோரு மணிக்குத் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு வரைக்கும் எண்ணிப் பாருங்கள். எண்ண முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வேகும். நாம் செருப்புப் போட்டிருக்கிறோம், அது வெறுங்காலில் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் காலை ஆறு மணிக்கு ஒரு போட்டோ விழுந்தது. அழகான சிக்குக் கோலம். அதன் நடுவில், ஒரு நாய் வைத்துவிட்டுப் போன சமாசாரம். கீழே ஒரே வரி: "இது யாருடைய வேலை?" அப்புறம் என்ன, மதியம் வரைக்கும் சண்டை. ஒருத்தர் நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரையும் மொத்தமாகத் திட்டினார். இன்னொருத்தர் நாய் என்றால் பைரவர், தெரியுமா என்று ஆரம்பித்தார். நடுநடுவே ரோஜாப்பூவோடு குட் மார்னிங் வேறு. மூன்று பேர் குரூப்பை விட்டுப் போனார்கள். அசிங்கம் மட்டும் சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தது. கடைசியில் அதை அள்ளியது அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா.

இதில் நான் யோக்கியன் மாதிரி பேச முடியாது. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்னால் நானும் அதே கேஸ்தான். விடிந்ததும் கேட்டைத் திறந்துவிடுவேன். ப்ரௌனி ஒரு ரவுண்டு "போய்விட்டு" வந்துவிடுவான். எங்கே போனான் என்று நான் கேட்டதில்லை. என் வாசல் சுத்தமாக இருந்தது, அதோடு என் கணக்கு முடிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஒரு ஆயா இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். அஞ்சு மணிக்கே சாணி கரைத்துத் தெளித்து, இடுப்பு வலியோடு குனிந்து கோலம் போடுவார். ஒரு நாள் காலை நான் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், ஆயா முறத்தோடு வந்து கேட்டில் நிற்கிறார். முறத்தில் பழைய தினத்தந்தி விரித்திருக்கிறது. அதன்மேல் ப்ரௌனியின் படையல். "நைனா, உன் சாமானை எங்க வாசல்ல வுட்டுட்டு வந்துட்டியே. இந்தா, பத்திரமா வெச்சிக்கோ" என்றார். குரல் உயரவில்லை. முகத்தில் கோபம் இல்லை. பேப்பரோடு என் கையில் கொடுத்துவிட்டு, முறத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குப் பெல்ட் வாங்கினேன். இதோ பாருங்கள், பாக்கெட்டில் எப்போதும் நாலைந்து பழைய பேப்பர். அள்ளி, சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய் டாய்லெட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவேன். இதைக் கூச்சப்பட்டுச் செய்ய ஒன்றுமில்லை. நாயின் மலத்தில் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் வரும். மண்ணில் கலந்துவிட்டால் வெறுங்காலில் விளையாடும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் ஒட்டும்.

ஒரு நிமிடம்... ப்ரௌனி, இரு. பால்காரர் வண்டி போகட்டும். ஆங்.

அடுத்தது, இந்தப் பச்சை கேட் வீடு. வீட்டை முழுசாகக் காட்ட மாட்டேன், அண்ணன் நல்ல மனிதர். அவரிடம் ஒரு லேப்ரடார் இருக்கிறது. கேட் எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். யார் பயந்து நின்றாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "அது ஒண்ணும் பண்ணாதுங்க!" நாய் வளர்க்கிற வீடு எல்லாவற்றிலும் இந்த வசனத்தை யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. உங்களை ஒன்றும் பண்ணாது, அண்ணே. தினமும் சோறு போடுகிறீர்கள். டியூஷனுக்குச் சைக்கிளில் போகிற பையனுக்கு அது பாய்ந்து வருகிற முப்பது கிலோ. அவன் பயந்து வேகமாக மிதிப்பான். எது ஓடினாலும் துரத்துவது நாயின் இயல்பு. இரண்டு பேர் மேலும் தப்பில்லை, கேட்டைச் சாத்தாதவர் மேல்தான் தப்பு.

அந்தப் பையன்தான் விழுந்தான். ஸ்பீடு பிரேக்கரில். முழங்கால் தேய்ந்தது, கெண்டைக்காலில் இரண்டு கீறல். அண்ணன் ஓடிவந்து, "பல்லு படல, நகம்தான், விளையாட்டுக்குப் பண்ணுது" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தர் காப்பித்தூள் டப்பாவோடு வந்துவிட்டார். இன்னொருத்தர் மிளகாய்த்தூள் வைக்கச் சொன்னார். தயவுசெய்து எதையும் அப்பாதீர்கள். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று ஒரு அழுகிற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் தெரியும். டேங்கில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் போட்டார்கள், இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது.

நகக் கீறல்தானே என்று விடவும் கூடாது. தோல் உரிந்து கீறல் விழுந்தால், ரத்தம் வராவிட்டாலும் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி போட வேண்டும். ரத்தம் வந்தாலோ பல் இறங்கினாலோ ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற காலமெல்லாம் போய்விட்டது. இப்போது கையில்தான். அரசு ஆஸ்பத்திரியில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்கள். மூன்றாவது ஊசி போட்டதும் காயம் காய்ந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள் சிலர். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் என்று ஒன்று கிடையாது. வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் போடலாம் என்பதும் தப்பு. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும்.

அண்ணனிடம் ஊசிப் புத்தகம் கேட்டார்கள். வீட்டையே புரட்டி, டிவி ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து எடுத்தார். கடைசி முத்திரை விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

குரூப்பில் போட்டுக் கிழித்திருக்கலாம். நான் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் பக்கத்தில் நின்றபோது ஆயா முறத்தோடு வந்த கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "நாளைக்கு மாட்டாஸ்பத்திரிக்குப் போறேன், நீயும் வர்றியா?" என்று அவரே கேட்டார். இரண்டு நாயையும் கூட்டிக்கொண்டு போனோம். இப்போது கேட்டுக்கு ஒரு ஸ்பிரிங் போட்டிருக்கிறார், தானாகச் சாத்திக்கொள்கிறது. பாருங்கள், சாத்தித்தான் இருக்கிறது.

நாலு பேர் எதிரில் கேட்டிருந்தால் அவர் நாயை விட்டுக்கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். யாருமே பேச மாட்டார்கள். தனியாகக் கேட்டால் பாதிப் பேர் இறங்கி வருகிறார்கள். மீதிப் பாதி எங்கள் ஊர் வெயில் மாதிரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிக்கும்.

அந்தப் பாதிதான் கோடி வீட்டு மொட்டை மாடி. கேமராவைத் தூக்குகிறேன்... இப்போது ஒன்றும் தெரியாது. போன மாதம் வரைக்கும் அங்கே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு போய்விடுவார். வீட்டுக்குக் காவல் அந்த நாய். ஒரு ஆள் காலையில் வந்து சோறு வைத்துவிட்டுப் போவான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹைவேயில் லாரி ஹார்ன் அடித்தால் ஆரம்பிக்கும், விடியும்வரை குரைக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, நைட் டூட்டி முடித்து வருகிற நர்ஸ் அக்கா, யாருக்கும் தூக்கம் இல்லை.

ஒரு டீக்கடைப் பேச்சில் ஒருத்தர், "பிஸ்கட்ல மருந்து வெச்சா முடிஞ்சிது" என்றார். சும்மா சொன்னாரோ என்னவோ. ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள்: நாயை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 325-வது பிரிவில் ஐந்து வருடம் வரைக்கும் ஜெயில். மருந்தைத் தின்பது எந்த நாய், எந்தக் காக்கை, எந்தக் குழந்தை என்று வைத்தவனுக்கே தெரியாது.

ஒரு மத்தியானம் எங்கள் மாடியில் வடகம் எடுக்கப் போனபோது எதிரே பார்த்தேன். நாலடிச் சங்கிலி. மேலே சிமென்ட் ஷீட், அது அனலை அப்படியே கீழே இறக்குகிறது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து காய்ந்திருக்கிறது. அந்த நாய் ஷீட்டின் நிழலில் நிற்காமல், டேங்க் சுவருக்கும் தரைக்கும் நடுவில் முகத்தைச் சொருகிக்கொண்டு நின்றது. நாக்கு முழம் நீளம் தொங்குகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வேர்க்காது, இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். ராத்திரி அது ஏன் கத்தியது என்று எனக்கு அப்போது புரிந்தது. வெயில் தணிந்த பிறகுதான் அதற்குக் கத்தவே தெம்பு வந்திருக்கிறது.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை மணிக்குக் குரைத்தது, எப்போது தண்ணீர் இல்லை, தேதியோடு. மாடியிலிருந்து போட்டோ. அப்புறம் போன் பண்ணினேன். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், உங்க நாய்க்குத் தண்ணி கவுந்து கிடக்கு, வெயில் தாங்கல" என்றேன். முதல் தடவை, "சொல்றேன், சொல்றேன்" என்று வைத்துவிட்டார். மூன்றாவது தடவை போட்டோவை அனுப்பி, மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, 11-வது பிரிவு என்று சேர்த்தேன். குட்டைச் சங்கிலியில் நேரம் காலம் இல்லாமல் கட்டிப்போடுவதும், எந்நேரமும் கட்டிக் கிடக்கிற நாயை நடக்க விடாமல் வைப்பதும் அதில் குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். ஆம்பூர் பிரியாணியில் கால் பிளேட் கூட வராது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் எழுத்தில் போக வேண்டியதுதான். தெருவில் நாலைந்து பேர் கையெழுத்தோடு மாநகராட்சிக்கு ஒரு மனு. கடித்திருந்தால், துரத்தி யாராவது விழுந்திருந்தால், போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாயை அடக்கி வைக்காத அஜாக்கிரதைக்கு பி.என்.எஸ். 291-வது பிரிவு இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் அது ஆயிரமாக இருந்தது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் நமக்கு நடக்கிற தூரம்தான். நோட்டும் போட்டோவும் இருந்தால் மனுவுக்கு ஒரு கனம் வரும்.

ஜாதியைச் சொல்லித் தடை செய்துவிட்டால் தீர்ந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். 2024 மே மாதம் சென்னையில் ஒரு பார்க்கில் இரண்டு ராட்வீலர் ஒரு சின்னப் பெண்ணைக் கடித்தபோதும் அதே பேச்சுதான். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் மத்திய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை கேட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. என்னைக் கேட்டால், எங்கள் தெருவில் இதுவரை ஆளை விழத்தட்டியது சாதுவான லேப்ரடார். கோலத்தைக் கெடுத்தது என் நாட்டு நாய்.

கோடி வீட்டுக்காரர் நாயைக் கீழே மாடிப்படிக்கு அடியில் மாற்றிவிட்டார். நிழல், ஈரத்தரை. காலேஜ் பையன் ஒருத்தன் காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போகிறான். சத்தம் பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு லாரிக்காரர்களிடம்தான் பேச வேண்டும்.

அதோ, ஆயா கூப்பிடுகிறார்... "இன்னா ஆயா?" வாசலில் ஏதோ கிடக்கிறதாம். ப்ரௌனி, என்னைப் பார்க்காதே, நீ பெல்ட்டோடதான் இருந்தாய், வீடியோவே சாட்சி. இருங்கள் மக்களே, ஆயா கையில் முறம் இருக்கிறது. போய்விட்டு வருகிறேன்.