கான்வென்ட்ல சேர்த்தாச்சு, விசுவாசமும் ஃபீஸ்ல அடங்குமா?

[திரையில் ரெண்டே எண்கள்: 53, 61]

53 மணி நேரம். ஒரு கத்தோலிக்க ஸ்கூல் உங்க பிள்ளைக்கு வருஷம் முழுக்கக் கொடுக்கக்கூடிய ஞானோபதேசம், அதாவது கேட்டகிசம்ங்கிற விசுவாசப் பாடம், தோராயமா இவ்வளவுதான். அந்த 61 எங்கிருந்து வருதுன்னு கடைசி வரைக்கும் இழுக்க மாட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி வீட்ல பத்து நிமிஷம் செபம், அவ்வளவுதான்.

கணக்கு பார்த்துடலாம். வாரத்துக்கு 40 நிமிஷ பீரியட் ரெண்டு. வருஷத்துக்கு 200 வேலை நாள்னா 40 வாரம், 80 பீரியட், 3,200 நிமிஷம். ஸ்போர்ட்ஸ் டே, ஆனுவல் டே, யூனிட் டெஸ்ட் எதையும் இதுல நான் கழிக்கவே இல்ல. வீட்ல? பத்து நிமிஷம், 365 நாள், 3,650.

அப்போ ஸ்கூல் எதுக்குன்னு கேட்டா, பாடத்துக்காக இல்ல, நாளோட அமைப்புக்காக. பன்னிரண்டு மணிக்கு மணி அடிச்சதும் மூவேளை செபத்துக்கு மொத்த வராந்தாவும் எழுந்து நிக்கும். சாம்பல் புதன் அன்னைக்கு நெத்தியில சாம்பலோட கணக்கு மிஸ் போர்டுல பின்னம் போடுவாங்க. அதைப் பார்க்கிற பிள்ளைக்கு, செபம்ங்கிறது பாட்டியோட பழக்கம் மட்டும் இல்லன்னு யாரும் சொல்லாமலே புரியும். இதை வீடு என்ன முயன்றாலும் கொடுக்க முடியாது.

வரலாறு ஒரே வரியில: 1965 அக்டோபர் 28, ரெண்டாம் வத்திக்கான் சங்கத்தோட (உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடின மாநாடு) கல்வி ஏடு, பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான்னு தெளிவாவே சொல்லிடுச்சு. தாண்டிப் போவோம்.

பெங்களூர்ல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. பேர்ல 'செயின்ட்'டோ 'பிஷப்'போ இருந்தா கத்தோலிக்க ஸ்கூல்னு நினைச்சுக்கறோம். பிஷப் காட்டன் 1865-ல ஆங்கிலிக்கன் சபை ஆரம்பிச்சது, பால்ட்வின் மெத்தடிஸ்ட். நல்ல ஸ்கூல்கள்தான், ஆனா அங்கே உங்க பிள்ளை புது நன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்கறதுக்கு) தயாராகும்னு எதிர்பார்க்காதீங்க. திருச்சபைச் சட்டம் 803, திருச்சபை அதிகாரியோட சம்மதம் இல்லாம எந்தப் பள்ளியும் தன்னைக் கத்தோலிக்கப் பள்ளின்னு சொல்லிக்கக் கூடாதுங்குது. அதனால ஆபீஸ்ல, 'இதை நடத்துறது மறைமாவட்டமா, எந்த சிஸ்டர்ஸ் சபையா?'ன்னு நேராவே கேளுங்க.

கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்க: கேட்டகிசம் வகுப்பு யாருக்கு, எப்போ? அரசியல் சட்டம் 28(3)-ன்படி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில பெற்றோர் சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளையையும் மத போதனையில உட்கார வைக்க முடியாது. அதனால கத்தோலிக்கப் பிள்ளைங்க ஒரு ரூமுக்கும் மத்தவங்க மாரல் சயின்ஸுக்கும் பிரிவாங்க. ஐம்பது பேர்ல ஆறு பேர்தான் கத்தோலிக்கர்னா மூணு கிளாஸைச் சேர்த்து ஒரே ரூம்ல உட்கார வைப்பாங்க. மூணாங்கிளாஸுக்கு ஒப்புரவு நடத்தும்போது அஞ்சாங்கிளாஸ் கொட்டாவி விடும். ரிப்போர்ட் கார்டுல மார்க்கும் இல்லன்னா, பசங்களைப் பொறுத்தவரை அது ஃப்ரீ பீரியட்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மொழி!

அல்சூர், லிங்கராஜபுரம், விவேக் நகர்னு பெங்களூர்ல எங்கே பார்த்தாலும் நம்ம தமிழ் கத்தோலிக்கப் பிள்ளைங்க ஸ்கூல்ல சொல்றது 'ஹெயில் மேரி'. வீட்ல அம்மா சொல்றது 'அருள் நிறைந்த மரியே வாழ்க'. பாட்டி கண்ணை மூடினா 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க'. ஒரே செபம், மூணு தலைமுறை! செபமாலையில முன்பாதியை ஒருத்தர் சொல்ல, பின்பாதியை மத்தவங்க சொல்லணும். பாட்டி முடிச்சுட்டுக் காத்திருக்காங்க, 'அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' வரணும். பேரன் வாயைத் திறக்கல. விசுவாசம் இல்லாம இல்லங்க, வார்த்தை இல்ல.

தமிழ் அவன் டைம்டேபிள்லயே கிடையாது. ஆனா கன்னடம் இருக்கு! தமிழ் செபத்தைக் கன்னட எழுத்துல எழுதிக் கொடுங்க, அன்னைக்கே வாசிப்பான்.

ரெண்டு இடத்துல மட்டும் வழுக்கும். ஒண்ணு, இன்னைக்குப் புழங்கற கன்னடத்துல 'ழ' கிடையாது. 'மரியே வாழ்க' எழுதினா 'மரியே வாள்க' ஆயிடும், மாதா கையில கத்தி வந்துடும். அந்த எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, நாக்கை மடக்கிக் காட்டுங்க. ரெண்டாவது, கன்னடத்துல 'பணம்'ல வர்ற ப-வுக்கு ஒரு எழுத்து, 'பஸ்'ல வர்ற ப-வுக்கு வேற எழுத்து. 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக'ன்னு எழுதும்போது பணத்தோட ப போடணும். பஸ்ஸோட ப போட்டா கன்னடத்துல 'பாவி'ன்னா கிணறு. கிணறுகளாயிருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!

முழு செபமும் ஒரே நாள்ல வேண்டாம். பின்பாதியை நாலு துண்டாக்கி வாரத்துக்கு ஒரு துண்டு. ஒரு ராத்திரிக்குச் செபமாலையில ஒரு பத்துமணி (பத்து 'அருள் நிறைந்த') போதும், நிதானமா சொன்னாலும் அஞ்சு நிமிஷம். பின்பாதி பத்து தடவை வரும், நாலு வாரத்துல தானா நிக்கும். மீதி அஞ்சு நிமிஷத்துல அன்னைக்கு கேட்டகிசத்துல என்ன நடந்ததுன்னு கேளுங்க. 'ஒண்ணும் இல்ல'ன்னுதான் பதில் வரும், 'எந்தக் கதை?'ன்னு மறுபடி கேளுங்க.

பேப்பர் வேலை, சுருக்கமா. அட்மிஷனுக்கு ஞானஸ்நான சான்றிதழ் கேட்பாங்க. பிறப்புச் சான்றிதழ்ல 'பிரவீன்', கோயில் பதிவேட்டுல 'அந்தோணி பிரவீன்'னா அங்கேயே சிக்கும். அதனால பங்கு சாமியார்கிட்ட முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி வைங்க. ஞானஸ்நானம் ஊர்ல, உறுதிபூசுதல் பெங்களூர்லன்னா, அந்த விவரம் ஊர்ப் பதிவேட்டுக்குப் போயே ஆகணும். போச்சான்னு நீங்களே கேட்டு உறுதி பண்ணுங்க, இல்லன்னா கல்யாண ஓலை (கோயில்ல கல்யாண அறிவிப்பு) வாசிக்கிற நேரத்துலதான் தெரியவரும். இன்னொண்ணு: கான்வென்ட்ல படிச்சாலும் புது நன்மைக்குப் பெரும்பாலான பங்குகள்ல ஞாயிறு மறைக்கல்வி அட்டெண்டன்ஸ் பார்ப்பாங்க. 'ஸ்கூல்லயே சொல்லித் தர்றாங்க ஃபாதர்'ங்கிற பதில் அங்கே செல்லாது.

உங்க வீட்டுப் பாட்டி 'அருள் நிறைந்த' கட்சியா, 'பிரியதத்தத்தினாலே' கட்சியா? கீழே எழுதுங்க. கன்னட எழுத்துல எழுதினாலும் சரி, அந்தக் கிணத்தைப் பார்த்து எழுதுங்க.