போர் முடிஞ்சா தூக்கம் வருமா? – ஒரு நேயர் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. ஏற்காடு நாகலூர்ல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. பொண்ணு கீழ சேலத்துல எம்.ஏ. ஆங்கிலம் படிக்குதாம். பாடத்துல முதல் உலகப்போர்க் கவிதைகள் வருது. அம்மா கேக்கறது இதுதான்: "அந்தக் கவிதையில எல்லாம் சிப்பாய் மனசு ஒடைஞ்சு போறான், கொன்னதை நினைச்சுத் தவிக்கிறான். நம்ம சங்கப் பாட்டுல மார்புல வேல் வாங்கினா பெருமை, முதுகுல வாங்கினா அவமானம், அவ்வளவுதானா?"

பாதி சரிங்கம்மா, பாதி சரியில்ல.

நம்ம பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமே கிடையாது. தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்க, வரிசையா நிக்கும். அத்தனையும் செத்தவனுக்கு. உயிரோட திரும்பி வந்து, ராத்திரியில திடுக்குனு எந்திரிச்சு உக்கார்றவனுக்கு யாரும் கல்லு நடல. புறநானூறும் பெரும்பாலும் செத்தவன் பக்கம்தான் நிக்குது.

ஆனா முல்லைப்பாட்டு இருக்கே! பத்துப்பாட்டுலயே சின்னது, 103 அடிதான். நப்பூதனார் பாடினது. புருஷன் வருவானான்னு காத்திருக்கிற பொண்ணோட பாட்டுன்னு சொல்லிட்டுக் கடந்து போயிடுவோம். நடுவுல அந்தப் புருஷன், அதாவது ராஜா, போருக்குப் போய்த் தங்கியிருக்கிற பாசறை வரும். எல்லாரும் அடங்கின நேரம், ராஜாவுக்கு மட்டும் கண்ணை மூட முடியல. "மண்டமர் நசையொடு கண்படை பெறாஅது"ங்கறார் புலவர். சண்டை போடற ஆசையும் அவனுக்கு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஆனா நினைப்பெல்லாம் எங்க போகுது? வேல் பாய்ஞ்ச வலியில தன்னோட பிடிகளையே, அதாவது பெண் யானைகளையே, மறந்துட்ட களிறு. வெட்டுப்பட்டு பாம்பாட்டம் துடிக்கிற துதிக்கை. தின்ன சோத்துக்குக் கடனைத் தீர்த்துட்டுச் செத்துப்போன வீரங்க. அப்புறம் ஒரு குதிரை வருதுங்க, என்னால மறக்கவே முடியாது. அம்பு உள்ள எறங்கி, காதைச் சாய்ச்சுக்கிட்டு, புல்லைத் தொடாம நிக்குது. இதையெல்லாம் நினைச்சுக்கிட்டு ராஜா ஒரு கையைப் படுக்கையில ஊனி, இன்னொரு கையைத் தலைக்குக் கொடுத்து உக்காந்திருக்கான். "நெடிது நினைந்து", அவ்வளவுதான். வருத்தப்பட்டான்னு ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கை ரெண்டும் இருக்கிற இருப்பே சொல்லிடுது.

அடுத்து என்ன ஆகுதுங்கறதுதான் முக்கியம். ஜெயிச்சுடறான். உடனே "இன்துயில்". நல்லாத் தூங்கறான்! வெற்றி வந்ததும் தூக்கமும் வந்துடுது. அவனைத் தூங்கவிடாம வந்தவங்களும் அவனோட ஆளுங்க, அவனோட குதிரைதான். எதிரி வந்து கதவைத் தட்டல.

முதல் உலகப்போர்ல சண்டை போட்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் கிட்ட இது தலைகீழ். அவரும் சாதாரண சிப்பாய் இல்லீங்க, லெப்டினன்ட். 1917-ல போர் அதிர்ச்சியில எடின்பரோ பக்கத்துல கிரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரியில இருந்தவர். 'டல்ஸே எட் டெகோரம் எஸ்ட்' கவிதையில விஷப்புகையில ஒருத்தன் மூச்சுத்திணறிச் சாகறான். இவர் அவனைக் கொல்லல, பார்த்துக்கிட்டு இருந்தார், ஒண்ணும் செய்ய முடியல. ஆனா கனவுல எல்லாம் அவன் இவர் மேலயே வந்து விழறான். சும்மா பார்த்ததுக்கே இந்தப் பாடு.

'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' இன்னும் ஒரு படி மேல. ஒருத்தன் சுரங்கத்துக்குள்ள எறங்கிப் போறான், அது நரகம். அங்க ஒருத்தன் எந்திரிச்சு வந்து பேசறான். கடைசியிலதான் யாருன்னு சொல்றான்: 'நீ கொன்ன எதிரி நான்தான், நண்பா. நேத்து என்னைக் குத்தும்போது முகத்தைச் சுளிச்சியே, அதை வெச்சு இருட்டுலயும் அடையாளம் தெரிஞ்சுது.' குத்தினவன் மன்னிப்புன்னு வாயே திறக்கல. செத்தவனே "வா, தூங்கலாம்"னு கூப்பிடறான். முல்லைப்பாட்டுல வெற்றி கொடுத்த தூக்கத்தை இங்க எதிரிதான் கொடுக்கணும். இதை எழுதின மனுஷன் மறுபடியும் போர்முனைக்குப் போய், 1918 நவம்பர் 4-ல செத்துப்போனார். போர் நின்னது 11-ஆம் தேதி.

அதனால பாப்பாகிட்ட சொல்லுங்கம்மா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கட்டும். யாருக்குத் தூக்கம் போச்சு, யாரால போச்சு, எப்படித் திரும்பி வந்துச்சுன்னு எழுதினாலே பதில் நின்னுடும். ஒண்ணு மட்டும், நம்ம ராஜாவுக்கு பி.டி.எஸ்.டி.ன்னு, அதாவது பயங்கரத்தை அனுபவிச்ச பிறகு மனசை விட்டுப் போகாத பாதிப்புன்னு, எழுதிட வேண்டாம். அந்தப் பேரு அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல ஏறினதே 1980-லதான். பேப்பர் திருத்தறவர் சிரிச்சுடுவார்.

அடுத்தது ஆத்தூர்ல இருந்து ஒரு தம்பி, பரணியைப் பத்திக் கேட்டிருக்கார்...