ஃபேரர் பார்க் திடலில் இனி யார் உட்காருவது?

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்காவிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோடு வழியாக நடந்துகொண்டே, வீடுகள் வரப்போகிற ஃபேரர் பார்க் திடலைப் பற்றிப் பேசுகிறேன், பஸ் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரோட்டில் இப்போது ஒரு குதிரையும் இல்லை, மீன் தலைக் கறிதான் இருக்கிறது. 1843இல் குதிரைப் பந்தயம் தொடங்கியது இங்கே பக்கத்தில், ஃபேரர் பார்க்கில். 1911இல் சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்ததும் அங்கேதான். வீடுகள் பெருகப் பெருக, பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போனது, 1999இல் கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு அதுவும் முடிந்தது. சுமார் 120 ஹெக்டர் நிலம் அரசாங்கத்திடம் திரும்புகிறது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பார்க்கப் போகிற கூட்டமே குறைந்துவிட்டது.

குதிரைகள் முதலில் விட்டுப்போன ஃபேரர் பார்க் திடலை நினைத்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, பிரிட்டிஷ் படை சரணடைந்து இரண்டே நாளில், பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தது அங்கேதான். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்லில் தொடங்கியது. அப்புறம் கால்பந்து, ஹாக்கி, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் என்று எத்தனையோ தலைமுறை அங்கே ஓடியது.

2021இல் திட்டம் வெளியானது: சுமார் 10 ஹெக்டரில் ஏறத்தாழ 1,600 வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீடுகள், கூடவே விளையாட்டு வசதிகள். நானும் பிடிஓ வரிசையில், அதாவது கட்டப்போகும் வீவக வீட்டுக்கு விண்ணப்பித்து, நிற்கிறவன். எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் வீடு கிடைத்தால் வேண்டாம் என்பேனா? நிச்சயமாக மாட்டேன். அறுபது லட்சம் பேர் இருக்கிற தீவில் காலி நிலத்தை அப்படியே வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விளையாட்டுக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். கோர்ட் கட்டுவார்கள், நாம் ஆப்பில் முன்பதிவு செய்வோம். முன்பதிவு செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது: சும்மா உட்காருவது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். துவாஸ், ஜூரோங் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்த நம்ம ஊர்த் தம்பிகள், பங்ளாதேஷ் அண்ணன்மார், பணம் அனுப்பிவிட்டு, பார்சலைப் பிரித்து, புல்லில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போடுகிறார்கள். அவர்களுக்கென்று பொழுதுபோக்கு மையங்கள் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் தேக்காவில்தான் ஊர்க்காரனைப் பார்க்க முடியும்.

இங்கே குடியிருப்பவர்களின் எரிச்சலும் புரிகிறது. லிஃப்டுக்குப் போகிற வழியெல்லாம் ஆள் படுத்திருந்தால், குப்பை கிடந்தால், யாருக்கும் கோபம் வரும். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியா கலவரம் நடந்ததும் இதே ரோட்டில்தான். அதற்குப் பிறகு 2015இல், பொது இடத்தில் குடிப்பதைக் கட்டுப்படுத்தும் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சரி, குடிக்கக் கூடாது என்றால் குடிக்காமல் உட்காரட்டும். எங்கே உட்காருவது? திடல் சுருங்கினால் அதே கூட்டம் புளோக்குகளின் கீழ்த்தளத்துக்கும் படிக்கட்டுக்கும் வரும். உடனே புகார் போகும், அப்புறம் கம்பி வேலி வரும்.

அதனால் என் யோசனை இதுதான். வீடு கட்டுங்கள், கோர்ட்டும் கட்டுங்கள். ஒரு துண்டுப் புல்லை மட்டும் எந்த வேலையும் கொடுக்காமல் விடுங்கள். சிற்பமோ உடற்பயிற்சிக் கருவியோ அங்கே தேவையில்லை. ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், நாலைந்து பெஞ்சு. அப்படியே, படுக்க முடியாதபடி பெஞ்சின் நடுவில் கைப்பிடி வைக்கிறார்களே, அதையும் வைக்க வேண்டாம்.