மிஸ்ஸிங் வேறு, நாக்கிங் வேறு

வணக்கம். சிக்னலில் காரை நிறுத்தியிருக்கிறீர்கள். ஸ்டீயரிங்கில் வைத்த கையில் லேசான உதறல். பின்னாலிருந்து வரும் சைலன்சர் சத்தம் நடுநடுவே தாளம் தப்புகிறது. பச்சை விழுந்ததும் மிதித்தால் வண்டி எழும்ப மறுக்கிறது. மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். பலர் உடனே பங்க்கில் விலை கூடிய பெட்ரோலைப் போட்டுப் பார்ப்பார்கள். நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன். காசு போனது, உதறல் போகவில்லை.

போகாததில் ஆச்சரியம் இல்லை. அந்த விலை கூடிய பெட்ரோல் என்பது அதிக ஆக்டேன் பெட்ரோல்; அது தீர்க்கிற நோய் நாக்கிங். பிளக் பொறி கொடுத்து, தீ பரவி வருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடும். ஏற்றத்தில் ஏறும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி கேட்குமே, அதுதான். மிஸ்ஸிங்கில் நடப்பது நேர் எதிர்: எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமலேயே வெளியே போகிறது.

நாலு சிலிண்டர் இஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் 400 தடவை எரிய வேண்டும். ஒரு தடவை தப்பினாலும் அந்தக் கணம் இஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒரு துளி தளரும். காரின் கம்ப்யூட்டர் அந்தத் தளர்ச்சியை வைத்துத்தான் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் பிழை எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி 0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர். பி 0300 என்றால் ஒன்றில் நிற்காமல் மாறி மாறி வருகிறது என்று பொருள். செக் இஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூடு போன்ற உள்பகுதியையே உருக்கிவிடும்.

ஸ்கேனர் சிலிண்டரைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நான் ஒருமுறை ஏமாந்தது இங்கேதான். இரண்டாவது சிலிண்டர் என்று வந்தது. பட்டறையில் நாலு பிளக்கையும் மாற்றினார்கள், அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் நாள் அதே உதறல். கடைசியில் நானே பானெட்டைத் திறந்தேன். இஞ்சினை நன்றாக ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலை, அதாவது பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் பாகத்தை, கழற்றி மூன்றாவதில் மாட்டினேன். அங்கே இருந்தது இங்கே வந்தது. பிழை எண்ணை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினேன். பத்து நிமிடத்தில் பி 0303! காயிலோடு சேர்ந்து கோளாறும் வீடு மாறியிருந்தது. அந்தக் காயிலைத் திருப்பிப் பார்த்தால், கீழே இருக்கும் ரப்பர் உறையின் உள்பக்கம் தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. பிளக் முனைக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்தக் கோட்டின் வழியாக இஞ்சின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கிற வண்டிகளில் இந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை. ஓடுகிற இஞ்சினில் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டாம், ஷாக் பலமாக அடிக்கும்.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் இறங்குகிறது. ஐடிலில் உதறிவிட்டு வேகம் எடுத்ததும் சரியாகிறதா? ஏதோ ஒரு ஹோஸ் விரிசலில் காற்று புகுகிறது என்று நான் முதலில் சந்தேகப்படுவேன். எதை மாற்றினாலும் அதே சிலிண்டர்தான் என்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். வால்வு சரியாக மூடாத சிலிண்டருக்கு எந்த பிளக்கும் உதவாது.

சரி, பெட்ரோலுக்கு வருவோம். ஆக்டேன் எண்ணைப் பெட்ரோலின் பலம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பொறுமையின் அளவு. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை, ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். 91 போதும் என்று வடிவமைத்த சாதாரண இஞ்சினில் 95 போட்டால் பெரும்பாலும் ஒரு மாற்றமும் தெரியாது. டர்போ இஞ்சின் 95 கேட்கும்போது 91 போட்டால் கதை வேறு. நாக் சென்சார் சத்தத்தைக் கேட்டுப் பொறியைத் தாமதப்படுத்தும். இஞ்சின் தப்பிக்கும், ஆனால் பிக்கப்பும் மைலேஜும் குறையும். எந்த எண் வேண்டும் என்பது பெரும்பாலும் பெட்ரோல் மூடிக் கதவின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். இதில் ஒரு குழப்பம்: அமெரிக்க பங்க்குகளில் எழுதியிருப்பது வேறு கணக்கு. அங்கே 91 என்பது மற்ற பல நாடுகளின் 95-க்குக் கிட்டத்தட்டச் சமம். காணொலி பார்த்து எண்ணை முடிவு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் கேட்கிறார்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். வண்டியின் கையேடு அனுமதிக்கும் அளவைத் தாண்டினால் பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு ஆகாது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். தண்ணீர் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் அதுவும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

ஆக, பெட்ரோலால் மிஸ்ஸிங் வருவதும் உண்டு, அதற்கு ஆக்டேன் காரணம் இல்லை. டேங்க் நிரப்பிய கொஞ்ச தூரத்திலேயே எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடுமாறினால் பிளக்கைத் தொடாதீர்கள். மெக்கானிக்கிடம் சொல்லி டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை எடுத்து, தெளிவான கண்ணாடி பாட்டிலில் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் பிரிந்திருந்தால் சற்று நேரத்தில் அடியில் தனிப் படலமாகத் தெரியும். நன்றி, வணக்கம்.