தாக்கோ தெரியாதவன் நெர்ட் இல்லையா?

[திரையில்: இருபது முகப் பகடை ஒன்று மெதுவாக உருண்டு வருகிறது]

உங்களுடைய தாக்கோ 18. எதிரியின் கவச எண் 5. பகடையில் எவ்வளவு விழுந்தால் அடி படும்?

யோசிக்காமல் 13 என்று சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பழைய பதிப்பை நீங்கள் ஆடியிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் அப்படி ஆடியவர் ஒருவரிடம் வசமாக மாட்டியிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு: உங்கள் தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் வருவதுதான் பகடையில் விழ வேண்டிய எண், அதற்குக் கீழே விழுந்தால் வாள் காற்றைத்தான் வெட்டும். இதில் கூத்து என்னவென்றால், கவச எண் குறையக் குறையத்தான் கவசம் பலம். பூஜ்யம் நல்ல கவசம், மைனஸ் 5 அதைவிட நல்லது! பூஜ்யக் கவசத்தை அடிக்கத் தேவையான எண் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் தாக்கோ. நம் காதில் அது 'தாக்கு' என்று விழுவது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தூக்கிக் கடாசிவிட்டு, எண் கூடினால் கவசமும் கூடும் என்று மாற்றிவிட்டது.

கால் நூற்றாண்டுக்கு முன்பே செத்துப்போன இந்தக் கழித்தல் கணக்கு இன்றைக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிறது. டிராகன் படம் போட்ட டீ-சர்ட்டோடு யாராவது வந்தால், அதுவும் வருவது ஒரு பெண்ணாக இருந்தால், உடனே ஒரு பரீட்சை: "தாக்கோன்னா என்னன்னு தெரியுமா?" தெரியாதென்றால், நீ நிஜ நெர்ட் இல்லை, ட்ரெண்டைப் பார்த்து வந்தவள்.

இந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் அது முழுக்க அபத்தமும் இல்லை.

1980களில் அமெரிக்காவில் இதை ஆடியவர்கள் கேலியோடு மட்டும் தப்பவில்லை. 1982ல் ஒரு பள்ளி மாணவர் தற்கொலை செய்துகொண்டார், அதற்கு இந்த விளையாட்டுதான் காரணம் என்று நம்பிய அவருடைய தாய் அடுத்த வருடமே இதற்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார். 1985ல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' வரைக்கும் விவகாரம் போனது. சாத்தான் வழிபாடு, மாந்திரீகம் என்று என்னென்னவோ சொன்னார்கள். அந்தக் காலத்தில் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஒருவர், 2016ல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரில் நான்கு பையன்கள் அதே விளையாட்டை ஆட, உலகமே அதை "சோ க்யூட்" என்று கொண்டாடியபோது என்ன நினைத்திருப்பார்? அப்புறம் 2025 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கமே நிரம்பி வழிகிறது, மேடையில் நடப்பது பாட்டுக் கச்சேரி இல்லை, சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். அடி வாங்கினது நான், கைதட்டு வாங்குவது நீயா என்று தோன்றாமல் இருக்குமா.

தோன்றட்டும். ஆனால் பட்ட அடியை அனுமதிச் சீட்டாக மாற்றினால் ஒரு சிக்கல் இருக்கிறது. வரலாற்றைத் திறந்து பார்த்தால் அந்தச் சீட்டு முதல் ஆட்களிடமே கிடையாது.

[திரையில்: மர நிறத்தில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி]

1974 ஜனவரி. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து கேரி கைகாக்ஸும், மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கிய இந்த விளையாட்டு வெளிவருகிறது. முதலில் அச்சடித்தது 1,000 பெட்டிகள். உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களில் தாக்கோ என்ற சொல்லே கிடையாது. ஆக, பரீட்சையில் முதலில் ஃபெயில் ஆவது 1974ல் பெட்டி வாங்கியவர்தான். இதற்கு முன்பு அந்த வட்டாரத்தில் ஈயப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து நெப்போலியன் காலப் போர்களை மணிக்கணக்கில் நடத்திக்கொண்டிருந்த போர் விளையாட்டுக்காரர்கள் இருந்தார்கள். சீருடையில் பொத்தான் நிறம் தப்பானால்கூட முகம் சுளிப்பவர்கள். அவர்களில் பல பேருக்கு டிராகனும் மந்திரவாதியும் சிறுபிள்ளைத்தனமாகத்தான் பட்டது. இன்றைக்கு வாசலில் நிற்பவருடைய தாத்தாவை அன்றைக்கு வேறொருவர் வாசலில் நிறுத்தினார், அவ்வளவுதான்.

"பெண்கள் இப்போதுதான் வந்தார்கள்" என்பதும் கதை. லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 1975 ஜூனிலேயே 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்று ஓர் இதழைத் தொடங்கிவிட்டார். ஆடுகிறவர்கள் தங்கள் விதிகளையும் சண்டைகளையும் எழுதி அனுப்ப, அவர் தொகுத்துத் தபாலில் அனுப்புவார், மாதாமாதம், பல பத்தாண்டுகள்.

அந்த இதழில் எழுத அப்படி என்னதான் இருந்தது? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அந்த முதல் பெட்டி ஓட்டை மயம். அதை ஆட வேண்டுமென்றால் கைகாக்ஸ் முன்பே போட்டிருந்த செயின்மெயில் என்ற விதிப்புத்தகம் வேண்டும், காட்டு வழிப் பயணத்துக்கு வேறொரு கம்பெனியின் பலகை விளையாட்டிலிருந்து வரைபடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், இது போதாதென்று பகடை வேறு தகராறு. அன்றைய இருபது முகப் பகடையில் 0 முதல் 9 வரைதான் இருக்கும், இரண்டு தடவை. ஒரு பாதிக்கு ஒரு நிறம், மறுபாதிக்கு வேறு நிறம் என்று நாமே க்ரேயானைத் தேய்த்து, இது ஒன்று, இது பதினொன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மேசையும் ஓட்டைகளைத் தன் இஷ்டத்துக்கு அடைத்தது. அடைத்ததைப் பக்கத்து ஊர்க்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டார்கள், எழுதினார்கள், மறுபடி அடைத்தார்கள்.

நெர்டைத் தமிழில் 'படிப்ஸ்' என்றோ 'பழம்' என்றோ சொல்லிவிடுகிறோம், எனக்கு அது ஒட்டவில்லை. படிப்ஸுக்கு மார்க் வேண்டும். 'கிரிக்கெட் பைத்தியம்' என்கிறோமே, அந்தப் பைத்தியம் கிட்டத்தில் வருகிறது. அதிலும் மேட்ச் பார்க்கிற பைத்தியம் இல்லை, ஸ்கோர் நோட்டு போடுகிற பைத்தியம். யாரும் கேட்கவில்லை, காசு கிடையாது, ஆனாலும் உட்கார்ந்து செய்வான்.

சரி, வெறுமனே பார்க்கிறவர்கள்? 2015ல் பின்னணிக் குரல் கலைஞர்கள் சிலர் தாங்கள் இதை ஆடுவதை நேரலையில் காட்டத் தொடங்கிய நிகழ்ச்சி கிரிட்டிகல் ரோல். மூன்று நான்கு மணி நேரம் ஓடும். 2019ல் ஒரு அனிமேஷனுக்காக 7.5 லட்சம் டாலர் கேட்டார்கள், ரசிகர்கள் 1.1 கோடிக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள். ஒரு தடவைகூட பகடை உருட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர்களும் அதில் நிறையப் பேர். போலிகள் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்துதான் சிலர் விழுந்த ஒவ்வொரு பகடை எண்ணையும் குறித்துக் கணக்கு வைத்தார்கள், வேறு சிலர் காது கேளாதவர்களும் பார்க்கட்டும் என்று அத்தனை மணி நேரப் பேச்சையும் இலவசமாக எழுத்தாக்கினார்கள். தாக்கோ கேட்கிறவரிடம் இவர்களை அனுப்பி வைக்க ஆசை.

2023 ஜனவரியிலும் இதையே பார்த்தோம். விளையாட்டை வைத்திருக்கும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், பிறர் இதை ஒட்டிப் புத்தகம் போட அனுமதித்த உரிமத்தை மாற்றப் போகிறது என்று ஒரு வரைவு கசிந்தது. ஆடுகிறவர்கள் அந்தச் சட்ட மொழியை வரி வரியாகப் படித்துப் பிரித்து மேய்ந்தார்கள். கம்பெனியின் இணையதளச் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிகளை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. 1978ல் சேர்ந்தாயா, 2018ல் சேர்ந்தாயா என்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை.

எங்கள் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். இதே விதிகளை வைத்துச் செய்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டைப் பார்த்து வந்தவள், தாக்கோ பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. மூன்றாவது வாரம் ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன் மலையிலிருந்து விழுந்தான். ஐந்தாம் பதிப்பு விதிப்படி விழுகிற ஒவ்வொரு பத்து அடி உயரத்துக்கும் ஓர் ஆறுமுகப் பகடை உருட்டி, விழும் எண்ணை உயிர்ப் புள்ளியில் கழிக்க வேண்டும், அதிகபட்சம் இருபது பகடை. அதாவது 200 அடிக்கு மேல் எவ்வளவு உயரம் என்றாலும் அதே சேதம்தான், சராசரி 70 புள்ளி, பெரிய வீரன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நடந்து போவான். நாங்கள் இத்தனை வருஷமாக அதைக் கேள்வி கேட்டதில்லை. அவள் கேட்டாள், "ஏன் 200? காற்றுத் தடையால் வேகம் கூடாமல் நிற்கிற இடம் என்றால் அது 200 அடி இல்லையே." அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தாள். 200 அடியில் வேகம் மணிக்கு 125 கிலோமீட்டரைத் தொடாது, மனித உடல் 190, 200 வரை போகும், அதனால் உச்சவரம்பைத் தூக்கி இந்த அட்டவணையைப் போடலாம் என்று ஒரு விதி எழுதியிருந்தாள். ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவன் மந்திரவாதியின் அங்கி காற்றில் விரிந்தால் கணக்கு மாறுமே என்றான். இரவு பதினொன்றரை வரை போனது. டிராகன் பாட்டுக்குக் குகையில் காத்துக்கொண்டிருந்தது.