சரக்கு தோலில் இருக்கிறது

மலையிலும் அடிவாரத்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம். சீசன் நேரத்தில் கொடைக்கானல் ஓட்டல்களில் ‘மாக்டெயில்’ என்று தனியாக ஒரு பட்டியல் தருவார்கள். மது கலக்காத காக்டெயில். ஆரஞ்சு, எலுமிச்சை என்று போட்டிருப்பதை வரவழைத்துக் குடித்தால், பெரும்பாலும் சர்க்கரைப் பாகும் சோடாவும்தான் நாக்கில் நிற்கும். பழம் நல்ல பழம்தான். பிழிந்துவிட்டுத் தோலைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்தப் பழத்தின் சரக்கே தோலில்தான் இருக்கிறது.

மது ஒரு பானத்தில் என்ன வேலை செய்கிறது? தொண்டையில் ஓர் எரிப்பு, அடிநாக்கில் ஒரு கசப்பு, மூக்குக்கு மணத்தைத் தூக்கிக் கொடுப்பது. அதை எடுத்துவிட்டு வேறெதுவும் வைக்காவிட்டால் மிச்சம் வெறும் ஜூஸ். எரிப்புக்கு இஞ்சி, கசப்பின் இடத்துக்குத் தேயிலையின் துவர்ப்பு, மணத்துக்குத் தோல் எண்ணெய். இதொன்றும் புது வித்தை அல்ல. பானகத்தில் எலுமிச்சை, வெல்லம், சுக்கு, ஏலம் என்று நம் வீடுகளில் எப்போதோ வகுத்துவைத்த கணக்குதான்.

அந்தக் கணக்கில் ஓர் ஆரஞ்சு எலுமிச்சை மாக்டெயில். ஆறு தம்ளருக்கு அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கமலா ஆரஞ்சு எட்டு. எலுமிச்சை ஆறு. சர்க்கரை 120 கிராம். தேயிலை இரண்டு டீஸ்பூன். இஞ்சி இரண்டு விரல் அளவு. உப்பு. கண்ணாடி பாட்டில் சோடா 600 மில்லி. மலைக்கு மேலே ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் கண்ணாடி பாட்டில்தான் வழி. அதுவும் நல்லதற்கே, கண்ணாடியில் கேஸ் நிற்கும்.

முதலில் பழம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கமலா ஆரஞ்சு கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். தோல் மெலிசு, எண்ணெய் நிறைய. வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். இரவுக் குளிர் பட்டால் தோல் மஞ்சளாகும், படாவிட்டால் பழுத்தும் பச்சையாகவே இருக்கும். கையில் வைத்துப் பாருங்கள், அளவுக்கு மீறிக் கனத்தால் சாறு இருக்கிறது. ஒரு பக்கம் கோணலாக, சிறுத்து, காம்புப் பக்கம் மஞ்சளாகவும் அடிப்பக்கம் பச்சையாகவும் இருந்தால் தள்ளிவிடுங்கள். மரத்துக்குப் பசுமை நோய் கண்டால் காய் அப்படித்தான் வரும், சாறு கசக்கும். அந்தக் கசப்பை எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது.

கடையில் பளபளவென்று இருக்கும் பழத்தில் மெழுகு பூசியிருக்கலாம். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பிறகு தோலை எடுங்கள், சாற்றைத் தொடாதீர்கள். பிழிந்த பழத்தில் தோல் சீவுவதைப் போல எரிச்சலான வேலை கிடையாது.

எலுமிச்சைக்குக் காய் சீவும் பீலர் போதும், மஞ்சள் மட்டும் வரும்படி மூன்று பழத்தைச் சீவுங்கள். கமலாவில் பீலர் வழுக்கும், தோல் சதையோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும். அதனால் நான்கு பழத்தைக் கையால் உரித்து, தோலை மலர்த்திப் பலகையில் வைத்து, உள்பக்க வெள்ளையை ஸ்பூன் ஓரத்தால் வழித்துவிடுங்கள். சரியாக வழித்த தோலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பைகள் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். தெரியாவிட்டால் இன்னும் வெள்ளை இருக்கிறது. பத்து நிமிட வேலை. இதில் சோம்பல் பட்டால் பானம் மருந்தாகிவிடும்.

இப்போது தோல் சர்க்கரை. ஒரு பீங்கான் அல்லது ஸ்டீல் கிண்ணத்தில் தோலையும் 120 கிராம் சர்க்கரையையும் போட்டு, மத்தின் அடிப்பக்கத்தால் ஐந்து நிமிடம் அழுத்திக் கொடுங்கள். இடிக்க வேண்டாம், அழுத்தினால் போதும். சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகும், மணம் அறையெல்லாம் பரவும். மூடி வைத்துவிடுங்கள். கீழே வத்தலக்குண்டில் நான்கைந்து மணி நேரத்தில் தோல் எண்ணெயை விட்டுவிடும். கொடைக்கானல் குளிரில் ஓர் இரவு வையுங்கள். காலையில் தோல் சுருண்டு, அடியில் தேன்போல ஒரு திரவம் நிற்கும். சர்க்கரை கொஞ்சம் கரையாமல் இருக்கும், இருக்கட்டும்.

இதை ஏன் அடுப்பில் வைக்கக் கூடாது என்று கேட்பார்கள். வைத்தால் சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் சூட்டில் பறந்துபோவது எதுவோ, அதற்காகத்தான் இத்தனை பாடும். காய்ச்சிய தோலில் வருவது ஜாம் வாசனை, பச்சைத் தோலின் மணம் அல்ல. பித்தளை, அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோகச் சுவை ஏறும். தெர்மாகோல் கப் பக்கமே போகாதீர்கள். தோல் எண்ணெய் தெர்மாகோலைக் கரைக்கும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டுத் தோலை அதன்மேல் மடித்துப் பிதுக்கிப் பாருங்கள், பட்ட இடம் குழிந்துபோகும்.

அதே இரவு தேயிலையையும் ஊறப்போடுங்கள். 200 மில்லி குளிர்ந்த குடிநீரில் இரண்டு டீஸ்பூன் இலைத் தேயிலை, அவ்வளவுதான். டஸ்ட் தேயிலை வேண்டாம், கசப்பு முந்திக்கொள்ளும். கொதிக்கவைத்த கெட்டி டிக்காஷனை ஃபிரிட்ஜில் வைத்தால் மங்கலாகிப் பால் சேர்த்ததுபோல ஆகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறியது தெளிவாகவே இருக்கும். எலுமிச்சை சேர்ந்ததும் தேயிலை நிறம் வெளுக்கும், பயப்பட வேண்டாம், அது புளிப்பின் வேலை.

காலையில் எலுமிச்சைகளைப் பலகையில் உருட்டி, குறுக்கே நறுக்கிப் பிழியுங்கள். 120 மில்லி வேண்டும். கடைசிச் சொட்டு வரை நசுக்கினால் வெள்ளையும் விதையும் சேர்ந்து கசக்கும், ஒரு பழம் கூடுதலாகப் போனாலும் போகட்டும். அந்தச் சாற்றைத் தோல் சர்க்கரையில் ஊற்றிக் கலக்கினால் மிச்சச் சர்க்கரையும் கரையும். வடிகட்டினால் ஏறக்குறைய 190 மில்லி பாகு வரும். இஞ்சியைத் துருவிப் பிழிந்து பத்து நிமிடம் விட்டுவையுங்கள், அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததில் ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் பாகில் சேருங்கள். மாவோடு ஊற்றினால் பானம் கலங்கி, தொண்டையில் பொடி உராய்ந்த மாதிரி இருக்கும்.

கமலாச் சாறு மட்டும் கடைசி நேரத்தில். 360 மில்லி. சாத்துக்குடிச் சாறு அரைமணி வைத்தால் கசக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பிழிந்தபோது கசப்பில்லாத ஒரு பொருள், சாற்றின் புளிப்பில் இருந்து இருந்து கசக்கும் பொருளாக மாறுகிறது. ஆரஞ்சிலும் இது உண்டு, விதையை நசுக்கினால் இன்னும் சீக்கிரம். விருந்தாளி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகு பிழியுங்கள்.

ஒரு தம்ளருக்கு: பாகு இரண்டு டேபிள்ஸ்பூன், அதாவது 30 மில்லி. கமலாச் சாறு 60. தேயிலைத் தண்ணீர் 30. உப்பு, இரண்டு விரலில் எடுக்கும் கிள்ளில் பாதி. உப்பு தெரியவே கூடாது, ஆனால் கசப்பைத் தணித்துவிடும். போடாமல் ஒன்று, போட்டு ஒன்று என்று கலந்து பார்த்தால் வித்தியாசம் புரியும். இதை மூடி இறுகும் பாட்டிலில் ஐஸோடு போட்டு இருபது எண்ணும்வரை குலுக்குங்கள். ஊறுகாய் வைத்த பாட்டில் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் மூடியின் வாசனை போகாது. சோடாவைச் சேர்த்துக் குலுக்கவும் கூடாது, மூடி முகத்தில் அடிக்கும்.

ஐஸை இங்கே பலர் விட்டுவிடுகிறார்கள், குளிர்தான் இருக்கிறதே என்று. ஐஸ் குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை, கரைந்து தண்ணீர் சேர்ப்பதும் அதுதான். ஐஸ் போடாதவர்கள் தம்ளருக்கு 30 மில்லி குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். இல்லையென்றால் பாகு நாக்கில் ஒட்டும்.

கடைசியில் சோடா, 90 மில்லி. தம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, ஸ்பூனால் அடியிலிருந்து ஒருமுறை தூக்கிவிட்டால் போதும். மலையில் காற்றழுத்தம் குறைவு. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. சோடாவின் கேஸும் அப்படித்தான், கீழே நிரப்பிய பாட்டிலை மேலே திறந்தால் சீறிக்கொண்டு வெளியேறும். அதனால் பாட்டில் சில்லென்று இருக்கட்டும், குடிக்கப்போகும்போது திறங்கள். திறந்த பாட்டிலை மறுநாளைக்கு எடுத்துவைப்பதில் பயனில்லை.

மேலே அலங்காரத்துக்குப் புதினா போடுவது ஓட்டல் வழக்கம். எலுமிச்சை இலை நன்றாகச் சேரும். வேப்பிலைக்கட்டிக்குச் செய்வதுபோல நடு நரம்பைக் கிழித்துவிட்டு, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி மிதக்கவிடுங்கள்.

குடித்துப் பார்த்துச் சரிசெய்ய ஒரு வழி. தட்டையாக இருந்தால் சர்க்கரையைக் கூட்டாமல் எலுமிச்சை ஐந்து சொட்டு. புளிப்பு குத்தினால் பாகு கூடாது, அதிலும் எலுமிச்சைதான் இருக்கிறது. கொஞ்சம் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து விடுங்கள். நாக்கு வறண்டால் தேயிலை அதிகம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மதுவே கூடாது என்று இருப்பவர்கள், ‘பிட்டர்ஸ்’ என்று சிறு குப்பியில் விற்பதைச் சேர்க்க வேண்டாம், அதில் ஆல்கஹால் நிறையவே உண்டு. சில எசென்ஸ்களிலும் உண்டு, லேபிளைப் படியுங்கள். கமலாவுக்குப் பதில் பம்பளிமாஸ் பிழிய நினைப்பவர்கள், கொலஸ்ட்ராலுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அந்தப் பழம் சில மாத்திரைகளின் அளவை உடலில் ஏற்றிவிடும்.

மிஞ்சிய பாகு கண்ணாடிக் குப்பியில், ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் இருக்கும். அதற்குமேல் கெடாவிட்டாலும் மணம் பழசாகும். வடிகட்டிய தோலையும் எறிய வேண்டாம், சர்க்கரை ஏறி இனித்துக் கிடக்கும். பொடியாக நறுக்கி, கடுகு தாளித்து, புளியும் காரமும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் ஆரஞ்சுத் தோல் பச்சடி. தயிர்சாதத்துக்கு ஆகும்.