மேவிபோசேத்த நம்ம சண்டே ஸ்கூல் புக்குல காணமுங்க

ஈரோடு, தாராபுரம், கோபின்னு பல ஊர்ல இருந்து டீச்சருங்க வந்திருக்கீங்க, எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. மே மாசம் வி.பி.எஸ், அதாங்க கொழந்தைங்களுக்கு லீவுல நடத்தற வேதாகமப் பள்ளி, வருது, அந்த பாடப்புக்கப் பத்தித்தான் பேசோணும்.

நான் பாத்த புக்குகள்ல கண்ணு தெரியாதவங்க, நடக்க முடியாதவங்க எல்லாம் இயேசு சொஸ்தமாக்கற பாடத்துல மட்டுந்தான் வர்றாங்க. கண்ணு தெரியாத பர்திமேயு வருவாரு, கூரையப் பிரிச்சு எறக்குன திமிர்வாதக்காரரு வருவாரு, கடைசிப் படத்துல எந்திரிச்சு குதிப்பாரு, கலர் அடிச்சா பாடம் முடிஞ்சுது. கால்ல காலிப்பர், அதாங்க தாங்கிப் புடிக்கற கம்பிப்பட்டை, போட்ட ஒரு பொடுசும் அங்கதான ஒக்காந்து கலர் அடிக்குது, அது மனசுல என்னங்க ஓடும், எனக்கு மட்டும் ஏன் சரியாகல, விசுவாசம் பத்தலையா, எங்கம்மா ஏதாச்சும் பாவம் பண்ணுச்சான்னுதான ஓடும்? இதயேதான் யோவான் 9ல பொறவிலயே கண்ணு தெரியாத ஒருத்தரப் பாத்து இயேசுவோட சீஷருங்க கேட்டாங்க, இவன் பண்ணுன பாவமா, பெத்தவங்க பண்ணுனதான்னு. இவனும் பண்ணல, பெத்தவங்களும் பண்ணலன்னு இயேசு பட்டுன்னு சொல்லிட்டாரு. ஆனா புக்குல சேத்த கண்ணுல பூசற படந்தான் பெருசா வருது, அந்தப் பதில் வர்றதில்ல, அந்த மனுசன் அப்பறம் பரிசேயருங்கங்கற யூத மதத் தலைவருங்ககிட்ட நேருக்கு நேரா வாதாடுனதும் வர்றதில்ல.

மேவிபோசேத்த எத்தன பேரு நடத்தியிருக்கீங்க? தாவீதோட உயிர் சிநேகிதன் யோனத்தானோட பையன், அஞ்சு வயசுல தாதி தூக்கிட்டு ஓடறப்ப உழுந்து ரெண்டு காலும் போச்சு. தாவீது ராஜா கூப்புட்டு, பாட்டன் சவுல் ராஜாவோட நெலத்தயெல்லாம் திருப்பிக் குடுத்து, தெனமும் என் பந்தில சாப்புடுன்னாரு. அது தருமமில்லீங்க, யோனத்தானுக்குக் குடுத்த வாக்கு, பையனுக்குச் சேர வேண்டிய பூமி. கால் சரியாகவே இல்ல, 2 சாமுவேல் 9 கடைசி வசனத்துலயும் ரெண்டு காலும் முடம்னுதான் எழுதியிருக்குது, ஆனா பந்தில எடம் இருந்துச்சு. மோசேக்கும் வாய் திக்கும், கர்த்தர் அவரு நாக்க மாத்தல, கூடப் பேச அண்ணன் ஆரோன அனுப்புனாரு.

சொஸ்தமான பாடத்த நடத்த வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. பர்திமேயுகிட்ட உனக்கு நான் என்ன செய்யோணும்னு இயேசு கேட்டாரு, நாம கேக்கறதே இல்ல, ஊனமுள்ள கொழந்தைய க்ளாஸ் நடுவுல கொண்டாந்து வெச்சு தலைல கை வெச்சு ஜெபம் பண்றோம், அந்தக் கொழந்த கூசிப் போயிருதுங்க, தயவுசெஞ்சு அத நிறுத்துங்க.

இந்த வருச புக்க மாத்த முடியாது, சரி. கலர் ஷீட்ட நாமளே வரையறோமில்ல, அதுல மத்தக் கொழந்தைங்களோட வீல்சேர்ல ஒரு புள்ள சும்மா வெளையாடற மாதிரி வரைங்க, குதிக்கற ஆக்‌ஷன் சாங்குக்கு கையில மட்டும் செய்யற மாதிரி ஒன்னு சேத்துக்கோங்க, மாடில நடக்கற க்ளாஸ கீழ கொண்டாந்துருங்க, ரூம் சின்னதா இருந்தாலும் பரவால்லீங்க.